முதல் மூன்று நாள் சாப்பாட்டைக் கரையிலேயே ஆக்கிவிடுங்கள்

கேள்வி: அண்ணே, நாங்கள் நாலு பேர், 38 அடிப் பாய்மரப் படகு. அடுத்த மாதம் பன்னிரண்டு நாள் பயணம், இடையில் கரையே கிடையாது. வீட்டில் நன்றாகச் சமைப்பேன் என்பதால் சமையல் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன தடவை மூன்று நாள் போய்வந்ததில் முதல் நாளே எனக்கு வாந்தி, பானை கவிழ்ந்தது, மீதி நாளெல்லாம் பிஸ்கட்டும் நூடுல்ஸும்தான். திரும்பி வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கேஸ் அடுப்பு, இரண்டு பர்னர், அடியில் அவன் (oven, கேக் வேகவைக்கும் பெட்டி) உண்டு. சின்ன ஃப்ரிட்ஜ். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. என்ன வாங்க வேண்டும், எப்படிச் சமைக்க வேண்டும்? ஏழாம் நாள் ஒருவருக்குப் பிறந்தநாள் வேறு. கேக் செய்ய முடியுமா?

பதில்: வணக்கம் தம்பி. கடிதத்தைப் படிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு வந்தது, பானை கவிழ்ந்த இடத்தில் நின்றுவிட்டது, ஏனென்றால் அதில் இருந்தது கொதித்துக்கொண்டிருந்ததா ஆறியிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கப்பலில் சமையல் அறைக்குக் 'கேலி' என்றுதான் பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ, முதல் நாள் கடல் நம்மை அதைத்தான் செய்யும். சரக்குக் கப்பலில் வருடக்கணக்காகச் சமைத்துவிட்டுச் சின்னப் படகுக்கு மாறிய முதல் வாரம் நானும் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான்.

உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. கிளம்பிய அன்றே அடுப்பைப் பற்றவைத்ததுதான் தப்பு. உடம்பு கடலுக்குப் பழக இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அது பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். அந்த நாட்களில் படகுக்குள்ளேயே மோசமான இடம் எது என்றால் சமையல் மூலைதான்: கீழே இருக்கிறது, புழுக்கம், எண்ணெய் வாசனை, தலையைக் குனிந்து வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கண்ணுக்கு அடிவானம் தெரியாது. எப்பேர்ப்பட்ட மாலுமிக்கும் குமட்டும். அதனால் முதல் மூன்று நாளைக்கு நீங்கள் சமையல்காரர் இல்லை, சூடு பண்ணித் தருபவர், அவ்வளவுதான்.

சமையலைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். ஒரே பானையில் செய்து கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடக்கூடிய கெட்டியான பண்டமாக இருக்கட்டும், பருப்பும் காய்கறியும் சேர்ந்தது, இறைச்சி சாப்பிடுபவர்கள் என்றால் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது. ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று ஜிப் பைகளில் ஊற்றி, தட்டையாகப் படுக்கவைத்து, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கல்லாக உறையவிடுங்கள். தட்டையாக இருந்தால் புத்தகம் மாதிரி அடுக்கலாம், சீக்கிரம் இளகும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சின்ன ஃப்ரிட்ஜுக்கு அதுவே பனிக்கட்டி. எது முதலில் இளகுகிறதோ அதை முதலில் சாப்பிடுங்கள். காரமும் எண்ணெயும் பாதியாகக் குறைத்துச் செய்யுங்கள், கரையில் ருசி பார்க்கும்போது சப்பென்று இருக்கும், பரவாயில்லை, இரண்டாம் நாள் அதுதான் உள்ளே போகும்.

கூடவே அவித்த முட்டை (ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்), தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, உப்பு பிஸ்கட், இஞ்சி. வாந்தி வருகிறதே என்று வயிற்றைக் காயப்போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் மோசமாக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய், ஒரு மடக்குத் தண்ணீர். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, படகு ஆட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியேதான் வரும். தோல் உரிப்பது, நறுக்குவது எல்லாம் மேலே காக்பிட்டில் (படகை ஓட்டும் திறந்த இடம்) உட்கார்ந்து, மடியில் ஒரு ஆழமான பாத்திரத்தை வைத்துக்கொண்டு. நின்றுகொண்டு நறுக்குவது மூன்றாம் நாளுக்கு அப்புறம்.

அடுப்பு விஷயத்துக்கு வருவோம், பானை கவிழ்ந்ததால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் அடுப்பு அநேகமாகக் கிம்பலில் தொங்கும் அடுப்பாக இருக்கும், அதாவது இரண்டு பக்கமும் அச்சு, படகு சாய்ந்தாலும் அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடிச் சமமாக நிற்கும். அதைப் பூட்டிவைக்க ஒரு தாழ்ப்பாள் இருக்கும். துறைமுகத்தில் பூட்டிவிட்டுக் கடலில் திறக்க மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பாதிப் பானை கவிழ்வது அதனால்தான். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் பானை நிறையப் பச்சைத் தண்ணீர் வைத்து, அடுப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பின்சுவரில் இடிக்கிறதா, கேஸ் குழாய் இழுபடுகிறதா, கனமான பானை வைத்தால் தலைகனத்துக் கவிழப் பார்க்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அப்படிக் கவிழப் பார்த்தால் கனமான எதையாவது அவன் பெட்டிக்குள் அடியில் வையுங்கள். கிம்பல் பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும், படகு முன்னும் பின்னும் குத்தி எழும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது, பானையைப் பிடித்துக்கொள்ள அடுப்பின் மேல் இரும்புக் கவ்வி இருக்குமே, அது அதற்குத்தான். அந்தக் கவ்வி மாட்டாமல் ஒரு டம்ளர் பால்கூடக் காய்ச்சாதீர்கள்.

அவன் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. கதவைத் திறந்து கீழே இறக்கியதும் அடுப்பின் கனம் முன்பக்கம் வந்துவிடும், மொத்த அடுப்பும் உங்களை நோக்கிக் குனியும், மேலே பர்னரில் இருப்பது உங்கள் மடியில். என் இடது பாதத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. மேலே கொதிக்கும் பாத்திரம் இருக்கும்போது கீழே கதவைத் திறந்தேன், காலில் ரப்பர் செருப்பு, அவ்வளவுதான் கதை. அன்றிலிருந்து கடல் ஆடும்போது நான் சமைப்பது மழைக்குப் போடும் நீர் புகாத கால்சட்டையையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டுதான். வேர்க்கும். வேர்க்கட்டும்.

வெந்நீர், டீ, சூப் எதையும் ஒருவர் கையில் பிடித்திருக்கும் குவளையில் ஊற்றாதீர்கள். இரண்டு கை, இரண்டு ஆட்டம், கண்டிப்பாகக் கொட்டும். குவளையைச் சிங்குக்குள் வைத்து, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, பாதிவரை ஊற்றி, பிறகு எடுத்துக் கொடுங்கள். சிங்தான் படகில் இருப்பதிலேயே பத்திரமான மேஜை. அப்படியும் சுட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்ற வேண்டும், தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடுமே என்று கணக்குப் பார்க்கக் கூடாத ஒரே சமயம் அதுதான். பேஸ்ட், வெண்ணெய், ஐஸ் கட்டி எதுவும் கிட்டே வரக் கூடாது.

கேஸை வீட்டில் கையாளுவதுபோல இங்கே கையாளாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிட்டால் வெளியே போய்விடும், படகோ தண்ணீர் புகாதபடி கட்டிய கிண்ணம், கசிந்த கேஸ் தண்ணீர் மாதிரி வழிந்து பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், தேங்கிக் கிடக்கும், பில்ஜ் பம்ப்பிலோ எஞ்சின் சுவிட்சிலோ ஒரு பொறி வந்தால் போதும். எனவே சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள், குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து சுடர் தானாக அணையட்டும், அப்புறம் பர்னர் திருகை மூடுங்கள். ஒவ்வொரு தடவையும். கேஸ் அலாரம் தரை மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குளிருகிறதே என்று அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது மட்டும் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தீயை மூடி அணைக்கும் தீப்போர்வை அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தால் கழற்றி எட்ட மாட்டுங்கள், எரியும் அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி அதை எடுக்க முடியாது.

பாத்திரங்களில் ஒன்றே ஒன்றுதான் எடுத்துப்போகலாம் என்றால் நான் பிரஷர் குக்கரைத்தான் எடுப்பேன். மூடி பூட்டிக்கொள்ளும், அடுப்பிலிருந்து எகிறி விழுந்தாலும் உள்ளே இருப்பது உங்கள் மேல் கொட்டாது. கேஸ் மிச்சம், தண்ணீர் மிச்சம், படகுக்குள் ஆவியும் புழுக்கமும் குறைவு. முக்கால்வாசி நிரப்பும் வீட்டுப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அரிசியோ பயறோ என்றால் பாதிக்கு மேல் வேண்டாம். பிரஷர் தானாக இறங்கும்வரை காத்திருங்கள், பசியில் கத்துகிறார்கள் என்று வெயிட்டைத் தூக்கிவிடாதீர்கள். மாற்று கேஸ்கெட் ஒன்றும் சேஃப்டி வால்வு ஒன்றும் கூட எடுத்துவையுங்கள், நடுக்கடலில் கடை இல்லை.

தண்ணீர்க் கணக்கு உங்களுக்கு இடிக்கிறது. குடிக்கவும் சமைக்கவுமாக ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் வைத்தால், நாலு பேருக்குப் பன்னிரண்டு நாளுக்கு 192 லிட்டர். தொட்டியில் 200. சரியாக வந்துவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள், காற்று நின்றுபோனால் பன்னிரண்டு நாள் பதினெட்டாகும், அந்தக் கணக்கில் 288 லிட்டர் வேண்டும். மிச்சத்தைப் பத்து லிட்டர் கேன்களில் தனித்தனியாக எடுத்துப்போங்கள். ஒரே தொட்டியை நம்பினால், அதில் ஒரு கசிவோ கெட்ட வாடையோ வந்துவிட்டால் மொத்தமும் போச்சு. பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்துக் கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். சமையலுக்கும் கடல் தண்ணீர் உதவும், ஆனால் அளவோடு: ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதனால் உருளைக்கிழங்கு, பாஸ்தா போல வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும் பண்டத்துக்கு ஒரு பங்கு கடல் தண்ணீர், மூன்று பங்கு நல்ல தண்ணீர். தண்ணீரை முழுக்க இழுத்துக்கொள்ளும் சோற்றுக்கு இது வேண்டாம். துறைமுகத்திலும் கரையோரத்திலும் மொண்ட தண்ணீர் எதற்குமே வேண்டாம்.

இனி சாமான். அட்டைப்பெட்டி ஒன்றுகூடப் படகில் ஏறக் கூடாது, அதன் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கும், ஒரு தடவை குடியேறிவிட்டால் அப்புறம் படகு அவற்றுடையது. எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து டப்பாவிலும் பையிலும் மாற்றிவிடுங்கள், குப்பையும் குறையும். டின்களின் மேல் பெயரை மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள். ஈரத்தில் காகிதம் உரிந்து, சூப் என்று நினைத்துப் பழத்துண்டு டின்னைத் திறந்து எல்லாரும் என்னை முறைத்த இரவு ஒன்று உண்டு. உப்பிய டின்னைத் திறந்து பார்க்கக்கூட வேண்டாம்.

காய்கறியில் உங்கள் தோழன் முட்டைக்கோஸ். ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே வாரக்கணக்கில் இருக்கும், கத்தியால் பாதியாக வெட்டாமல் வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தால். முழுப் பூசணி அதையும் மிஞ்சும், ஆனால் ஒரு தடவை வெட்டினால் இரண்டு நாளில் தீர்க்க வேண்டும், அதனால் சின்னதாகப் பொறுக்குங்கள். தக்காளியை மூன்று பருவத்தில் வாங்குங்கள், பழுத்தது, செங்காய், பச்சை, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வையுங்கள், வரிசையாகப் பழுத்து வரும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், படகின் இரண்டு ஓரத்தில் இரண்டு வலையில் தொங்கவிடுங்கள், கிழங்குக்கு இருட்டு வேண்டும், பச்சை நிறம் ஏறிய கிழங்கு கசக்கும், வயிற்றுக்கும் ஆகாது. தினமும் காலையில் வலைக்குள் கையை விட்டு ஒவ்வொரு கிழங்கையும் தொட்டுப் பார்த்து, நொசநொசவென்று இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு அழுகல் கிழங்கின் நாற்றம் எப்படி இருக்கும் என்றால், நாங்கள் படகின் கழிவறைக் குழாயைக் கழற்றிச் சுத்தம் பண்ணிவிட்டோம், அது கிழங்கு என்று மறுநாள்தான் தெரிந்தது.

முட்டை வாங்கும்போது கழுவாத, ஃப்ரிட்ஜுக்குள் போகாத முட்டையாகக் கேட்டு வாங்குங்கள். ஓட்டின் மேலிருக்கும் இயற்கையான பூச்சு போகாதவரை அது வெளியிலேயே பல நாள் தாங்கும், ஒரு தடவை ஃப்ரிட்ஜில் இருந்தது என்றால் கடைசிவரை ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். ஓட்டின் மேல் வாசலைன் தடவுவது, தினமும் திருப்பிவைப்பது என்றெல்லாம் சொல்வார்கள், அது மாதக்கணக்கில் போகிறவர்களுக்கு, உங்கள் பன்னிரண்டு நாளுக்குத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள், படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் கடலுக்கு. எதுவானாலும் ஒரு குவளையில் தனியாக உடைத்து முகர்ந்துவிட்டு அப்புறம் வாணலியில் ஊற்றுங்கள்.

எட்டாம் நாளுக்கு மேல் நாக்கு பச்சையாக, மொறுமொறுவென்று ஏதாவது கேட்கும். ஒரு பாட்டிலில் கைப்பிடிப் பயறு ஊறவைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி, நாளைக்கு இரண்டு தடவை அலசி வடித்தால் மூன்று நாலு நாளில் முளை. எலுமிச்சையும் நிறைய வேண்டும். ஸ்கர்வி (வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய்) வந்துவிடும் என்று இல்லை, பன்னிரண்டு நாளில் அது யாருக்கும் வராது. 1747-இல் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார், அப்படியிருந்தும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பித்தது 1795-இல்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது ஜேம்ஸ் குக் என்ற பிரிட்டிஷ் கப்பல் கேப்டன் 1769-இல் செய்தது. புளிக்கவைத்த முட்டைக்கோஸை மாலுமிகள் தொடவே மாட்டேன் என்றார்கள். அவர் வற்புறுத்தவில்லை, அதிகாரிகளின் மேஜையில் தினமும் அதைப் பரிமாறச் சொல்லிவிட்டு, மாலுமிகள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் எல்லாரும் கேட்டுக் கேட்டு, அளந்து கொடுக்க வேண்டியதாகிவிட்டதாம். யாராவது முளைப்பயறைப் பார்த்து முகம் சுளித்தால் கேப்டனுக்கு முதலில் கொடுங்கள்.

போன தடவை சண்டை வந்தது நூடுல்ஸால் மட்டும் இருக்காது, நேரத்துக்கு எதுவும் வராததால்தான் இருக்கும். ஆளாளுக்குப் பசித்தபோது பெட்டியைக் குடைந்து தின்றால் மூன்றாம் நாள் நல்ல பிஸ்கட்டை யார் தீர்த்தது என்ற விசாரணையில்தான் முடியும். ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் நாலு பேரும் சேர்ந்து, சூடாக, தினமும் அதே நேரத்தில். நான் அந்தி சாயும் நேரத்தை வைத்துக்கொள்வேன், வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி இரவுக் காவலுக்குப் போகலாம். இரவுக் காவலுக்கு ஆளுக்கு ஒரு டப்பா, பெயர் எழுதி, பன்னிரண்டு நாளுக்கான கொட்டை வகை, சாக்லேட், உலர்பழம் எல்லாம் முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிடுங்கள், முதல் இரவே காலி பண்ணுவது அவரவர் பாடு. மாலையில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் போட்டுவைத்தால் நடுராத்திரி யாரும் அடுப்பைத் தொட வேண்டாம். தட்டு வேண்டாம், ஆழமான கிண்ணமும் கரண்டியும்தான், கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. இன்னொன்று, இதைக் கிளம்பும் முன்னாலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்: சமைத்தவர் பாத்திரம் கழுவ மாட்டார்.

மீன் பிடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்று கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள், சின்ன ஃப்ரிட்ஜ் அதற்கு மேல் தாங்காது. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற உடம்புக்கு ஆகாத பொருள் சேர்ந்துவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வரும். பிடித்த உடனே குடலை எடுத்துக் குளிரில் வைத்து, அன்றைக்கே தின்று தீருங்கள். குப்பையில் பிளாஸ்டிக் எங்கேயும் கடலில் விழக் கூடாது, அது சர்வதேச விதி. உணவுக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டிய பிறகு போடலாம், சில கடல்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, உங்கள் பாதைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேக்? செய்யலாம். ஏழாம் நாள் கடல் அமைதியாக இருந்தால் அவனிலேயே செய்யுங்கள், கிம்பல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு. பூட்டிவைத்து வேகவிட்டால் ஒரு பக்கம் மூன்று விரல், மறுபக்கம் ஒரு விரல் உயரத்தில் கேக் வரும், தடித்த பக்கம் யாருக்கு என்று அடுத்த சண்டை. கடல் ஆடினால் குக்கரில் ஆவியில் வேகவையுங்கள்: அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் மாவு ஊற்றிய டின், டின்னின் வாயை ஃபாயிலால் இறுகக் கட்டி, வெயிட் போடாமல் சிறு தீயில் முக்கால் மணி நேரம். நடுவில் தண்ணீர் வற்றவில்லையே என்று ஒரு தடவை பாருங்கள். மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் கரையிலேயே அளந்து ஒரே பையில் கலந்து எடுத்துப்போனால், அங்கே முட்டையும் எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து அந்தப் பையையே பிசைந்தால் போதும், கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. பையில் பெயர் எழுதி முட்டைக்கோஸுக்கு அடியில் ஒளித்துவையுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள். மெழுகுவர்த்தியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், காக்பிட் காற்றில் அது எப்படியும் நிற்காது.